ஒரே ஆற்றில் 51 பருவங்கள்: ஹாரி பார்க்கரின் பயிற்சி வாழ்க்கை

அமெரிக்கக் கல்லூரிகளின் துடுப்புப் படகுப் போட்டிகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹாரி பார்க்கரிடம் வந்து நிற்கிறது. ஒருவர் ஒரே இடத்தில் அரை நூற்றாண்டு பயிற்சியாளராக இருந்தது அவருடைய திறமையைக் காட்டுகிறதா, அல்லது அந்தப் பல்கலைக்கழகத்தின் செல்வத்தையும் பெயரையும் மட்டும் காட்டுகிறதா என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். வெற்றிப் பட்டியலை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செல்வம் இருந்தது உண்மை. அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் யேலுக்கும் பிரின்ஸ்டனுக்கும் அதே செல்வம் இருந்தது, வடகிழக்கு அமெரிக்காவின் எட்டுப் பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஐவி லீக்கின் அதே விதிகளும் இருந்தன. விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுத்து ஆள் சேர்க்க இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி இல்லை. பார்க்கர் பொறுப்பேற்ற காலத்தில், கல்லூரிக்கு வரும் வரை துடுப்பைத் தொட்டே பார்த்திராத மாணவர்கள் கணிசமாக இருந்தார்கள்; உயரமாக இருக்கிறான், தோள் அகலமாக இருக்கிறது என்று பார்த்து அழைத்து வந்து அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. நன்றாக வலிக்கக் கற்றுக்கொண்டவன் நான்கு ஆண்டுகளில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஆக, ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் 51 பருவங்கள் இருந்தார் என்றால், ஏறத்தாழ 13 முறை தம் அணியை முழுவதுமாக இழந்து, முழுவதுமாகக் கட்டியிருக்கிறார் என்று பொருள்.

பார்க்கர் 1935-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். துடுப்பு வலிக்கக் கற்றதும் அங்கேதான். கற்பித்தவர் ஜோ பர்க். இங்கிலாந்தின் ஹென்லி போட்டியில் ஒற்றையர் படகுக்கான டைமண்ட் ஸ்கல்ஸ் கோப்பையை 1938, 1939 ஆகிய இரு ஆண்டுகளும் வென்ற வீரர் அவர். பட்டம் பெற்றுக் கடற்படையில் பணியாற்றிய காலத்தில் பார்க்கரும் ஒற்றையர் படகுக்கு மாறினார். 1959-இல் சிகாகோவில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் தங்கம் வென்று, 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பிடித்தார்.

ரோம் நகரில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1920 முதல் 1956 வரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் எட்டுப்பேர் படகுப் போட்டியின் தங்கம் அமெரிக்காவுக்கே போயிற்று; அதைத் தங்கள் சொத்தாகவே அமெரிக்கர்கள் நினைத்தார்கள். 1960-இல் ஜெர்மன் அணி அந்தத் தொடரை முறித்தது. அதன் பின்னால் இருந்தவர் ராட்ஸெபுர்க் ஊரின் பயிற்சியாளர் கார்ல் ஆடம். விட்டுவிட்டு வேகமெடுக்கும் இடைவேளைப் பயிற்சியையும், அகலமான புதுவகைத் துடுப்பு அலகையும் (துடுப்பின் நீரில் இறங்கும் தட்டை முனை) எட்டுப்பேர் படகுக்குக் கொண்டுவந்தவர். உலகின் சிறந்த முறை தங்களிடம்தான் இருக்கிறது என்ற அமெரிக்க நம்பிக்கை உடைந்த அந்தப் போட்டிக்களத்தில், 24 வயதுப் பார்க்கர் ஒரு வீரராக இருந்தார். பின்னாளில் எந்த முறையையும் புனிதமாக அவர் கருதாததற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ரோமிலிருந்து திரும்பியபின் ஹார்வர்டில் முதலாண்டு மாணவர்களின் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அக்காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் போட்டியிட முடியாது. அவர்களுக்குத் தனிப் படகும் தனிப் பயிற்சியாளரும் உண்டு. 1963-இல் தலைமைப் பயிற்சியாளர் ஹார்வி லவ் திடீரென்று இறந்துபோக, 27 வயதில் பார்க்கரிடம் அந்தப் பொறுப்பு வந்தது. அவர் முதன்முதலாகக் கைக்கொண்ட பிரதான அணியில், முதலாண்டில் அவரே துடுப்பைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மாணவர்கள் இருந்தார்கள். ஆகவே பதவி எதிர்பாராமல் வந்தாலும், அணி அவருக்குப் புதிதல்ல.

அந்த ஆண்டு ஜூனில் ஹார்வர்டு யேலை வென்றது. இந்தப் போட்டியின் எடையைத் தெரிந்துகொண்டால்தான் மற்றவை புரியும். 1852-இல் நியூ ஹாம்ப்ஷயரின் வின்னிபெசாக்கி ஏரியில் நடந்த ஹார்வர்டு-யேல் படகுப் போட்டிதான் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி. இப்போது கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் அருகே, தேம்ஸ் என்றே பெயர் கொண்ட ஆற்றில் 4 மைல் தூரம் நடக்கிறது. போட்டிக்கு முன் ஹார்வர்டு அணி கேல்ஸ் ஃபெர்ரியிலுள்ள ரெட் டாப் என்ற தன் முகாமில் தங்கிப் பயிற்சி செய்யும். 1963-இல் தொடங்கிய வெற்றி 1980 வரை ஒருமுறைகூட முறியவில்லை. தொடர்ச்சியாக 18 ஆண்டுகள்.

4 மைல் என்பது ஏறத்தாழ 6.4 கிலோமீட்டர்; சுமார் 20 நிமிடம் வலிக்க வேண்டும். மற்ற முக்கியப் போட்டிகளோ 2,000 மீட்டர்தான். நல்ல எட்டுப்பேர் அணி ஆறு நிமிடத்துக்குள் முடித்துவிடும். மே மாதம் வூஸ்டரின் குவின்சிகமண்ட் ஏரியில் நடக்கும் ஈஸ்டர்ன் ஸ்பிரிண்ட்ஸ் போட்டிக்கு 2,000 மீட்டருக்கான வேகத்தோடு ஓர் அணியைக் கொண்டுபோய், அதே ஆட்களைச் சில வாரங்களில் மூன்று மடங்குக்கும் கூடுதலான தூரத்துக்குத் தயார் செய்வது, நடுத்தூர ஓட்டக்காரரை நீண்டதூர ஓட்டத்துக்கு அனுப்புவது போன்றது. வலிப்பின் எண்ணிக்கை குறைய வேண்டும், ஒவ்வொரு வலிப்பிலும் படகு போகும் தூரம் கூட வேண்டும், எட்டுப் பேரும் களைத்த பிறகும் ஒரே கணத்தில் துடுப்பு நீரில் இறங்க வேண்டும். இரண்டையும் ஒரே அணியால் ஆண்டுதோறும் செய்ய முடிந்தது என்பது எனக்கு அந்த 18 என்ற எண்ணைவிடப் பெரிதாகப் படுகிறது.

இதற்கு அவர் எப்படி ஆள் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. துடுப்புப் படகில் யார் நல்லவர் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். அழகாக வலிப்பவன் படகை நகர்த்தாமல் இருக்கலாம்; முதுகை வளைத்துக்கொண்டு முரட்டுத்தனமாக வலிப்பவன் இருக்கும் படகு முந்திக்கொண்டே இருக்கலாம். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது எப்படி? இதற்கு ஹார்வர்டில் பார்க்கர் விடாமல் பயன்படுத்திய முறை சீட் ரேசிங். அதை அமெரிக்கக் கல்லூரிகளில் வேரூன்றச் செய்த பெருமை பொதுவாக அவருக்கே தரப்படுகிறது.

முறை எளிது. இரண்டு நால்வர் படகுகள் பக்கவாட்டில் நிற்கும். இரண்டுக்கும் நிமிடத்துக்கு இத்தனை வலிப்பு என்று ஒரே உச்சவரம்பு விதித்து, குறித்த தூரம் முழு வேகத்தில் போகச் சொல்வார்கள். முதல் படகு அரைப் படகு நீளம் முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நிற்கும். யாரும் பேசமாட்டார்கள், மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கும். பயிற்சியாளர் விசைப்படகிலிருந்து இரண்டு பெயர்களைச் சொல்வார். படகுகளை ஒன்றோடொன்று அணைத்துப் பிடித்துக்கொள்ள, பெயர் சொல்லப்பட்ட இருவரும் ஆற்றின் நடுவிலேயே மெல்ல எழுந்து, குறுகலான அந்தப் படகுகளில் கால் தவறாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி உட்காருவார்கள். மறுபடியும் அதே தூரம், அதே உச்சவரம்பு. இப்போது இரண்டாவது படகு கால் நீளம் முந்தினால், அந்த இருவருக்கும் இடையிலான வேறுபாடு முக்கால் படகு நீளம். மற்ற ஆறு பேரும் மாறவில்லை, படகுகளும் மாறவில்லை; ஆகவே அந்த முக்கால் நீளம் அவர்கள் இருவரையும் பற்றியது மட்டுமே.

இதில் பிழைகள் வரலாம். காற்று திரும்பலாம், இரண்டாவது ஓட்டத்தில் ஒரு படகு கூடுதலாகக் களைத்திருக்கலாம், வேண்டாதவன் தோற்கட்டும் என்று நண்பர்கள் கொஞ்சம் தளர்த்தி வலிக்கவும் கூடும். அதனால் ஒரே நாளின் முடிவை நம்பாமல் வேறு வேறு நாட்களில், வேறு வேறு சேர்க்கைகளில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எதைச் சோதிக்கிறார் என்று வீரர்களுக்குத் தெரியாமல் இருப்பதும் நல்லது. இவ்வளவுக்கும் பிறகு இந்த முறையின் மிகப் பெரிய பயன், இடம் கிடைக்காதவன் பயிற்சியாளரின் விருப்பு வெறுப்பைக் குறை சொல்ல முடியாது என்பதுதான். அவன் தோற்றதை அவனே படகிலிருந்து பார்த்துவிடுகிறான்.

பார்க்கர் குறைவாகப் பேசியதைப் பலரும் ஒரு புதிராக, ஏன் ஒரு மாயமாகவே சொல்வார்கள். எனக்கு அதில் மாயம் தெரியவில்லை. தீர்ப்பைத் தண்ணீரிடம் விட்டுவிட்டவர் அதற்குமேல் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் மாதக்கணக்கில் தவித்த மாணவர்கள் இருந்திருப்பார்கள். ஒரு வார்த்தை பாராட்டு கிடைக்காதா என்று ஏங்கியவர்களும் இருந்திருப்பார்கள். வாய் திறந்து ஊக்கப்படுத்தினால்தான் மலரும் இயல்புள்ள ஒருவனுக்கு அவர் சரியான ஆசிரியர் என்று நான் சொல்லமாட்டேன்.

பேச்சில் சிக்கனமாக இருந்தவர் உடலால் ஒதுங்கி நிற்கவில்லை. ஹார்வர்டை ஒட்டி ஓடும், அணி வழக்கமாகப் பயிற்சி செய்யும் சார்லஸ் ஆறு உறையும் குளிர்காலத்தில் ஹார்வர்டு அணி தன் விளையாட்டரங்கின் படிக்கட்டுகளில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்யும். குதிரைலாட வடிவத்தில் கான்கிரீட்டால் எழுப்பிய அந்த அரங்கில் 37 பகுதிகள். ஒவ்வொன்றிலும் உட்காரும் உயரப் படிகளில் தாவி ஏறி, இறங்கி, அடுத்த பகுதிக்கு நகர வேண்டும். பார்க்கர் மாணவர்களோடு சேர்ந்து தாமும் ஓடினார், அவர்களை முந்தவும் பார்த்தார். வயதான பிறகும் ஒற்றையர் படகில் சார்லஸ் ஆற்றில் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்.

1965-இல் அவருடைய அணி ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில் வந்தது. 1967-இல் வின்னிபெக் பான் அமெரிக்கப் போட்டியில் தங்கமும், விஷியில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் மேற்கு ஜெர்மனிக்கு அடுத்து வெள்ளியும் வென்றது. கல்லூரி மாணவர்கள் மட்டுமே கொண்ட ஒரு படகு இப்படி உலக வரிசையில் நின்றது அன்றைக்கும் அரிது. இன்றைக்கு நடக்கவே நடக்காது.

1968-ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஒலிம்பிக் எட்டுப்பேர் படகைத் தேர்ந்தெடுக்கும் இறுதிப் போட்டி கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்தது. எதிரே நின்றது பென்சில்வேனியா. அதன் பயிற்சியாளர் பார்க்கரின் ஆசான் ஜோ பர்க். 2,000 மீட்டர் வலித்து முடித்தபோது ஹார்வர்டு முந்தியது 0.05 வினாடியில். 17 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள படகுகளில் அது சில அங்குலங்கள்தான். ஆசானை வென்று மெக்சிகோ நகரம் போன அணி, கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் நடந்த இறுதிப் போட்டியில் ஆறாவதாக வந்தது.

அந்த அணியைப் பற்றிப் பேசும்போது அதன் முடிவைவிட அதன் மனசாட்சியே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கறுப்பின வீரர்களின் உரிமைக்காக நடந்த மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்டம் என்ற இயக்கத்துக்கு ஹார்வர்டு வீரர்கள் பலர் வெளிப்படையாக ஆதரவு தெரிவித்திருந்தார்கள். அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் மெக்சிகோ பதக்க மேடையில் முட்டி உயர்த்தி நின்ற அந்தப் படத்தில், அவர்களோடு நின்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன் அணிந்திருக்கும் அந்த இயக்கத்தின் சின்னம், ஹார்வர்டு படகின் காக்ஸ் (துடுப்பு வலிக்காமல் படகைத் திருப்பி வழிநடத்துபவர்) பால் ஹாஃப்மன் கொடுத்தது. அதற்காக ஹாஃப்மன் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் விசாரணைக்கு ஆளானார்; இறுதிப் போட்டியில் பங்கேற்க முடியுமா என்பதே சந்தேகமாகி, கடைசியில்தான் அனுமதி கிடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து மியூனிக்கில், ஹார்வர்டு வீரர்கள் சிலரும் அதே ஹாஃப்மனும் இருந்த அமெரிக்க எட்டுப்பேர் படகு பார்க்கரின் பயிற்சியில் நியூசிலாந்துக்கு அடுத்து வெள்ளி வென்றது.

பெண்கள் அணியோடு அவர் செய்த வேலை பலருக்குத் தெரிவதில்லை. ஒலிம்பிக்கில் பெண்களின் துடுப்புப் படகுப் போட்டிகள் 1976-இல்தான் தொடங்கின. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த டைட்டில் நைன் சட்டம் 1972-இல் வந்திருந்தாலும், பல கல்லூரிகளில் பெண்கள் படகுத்துறைக்குள் நுழையவே போராடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது நாட்டின் மிகப் புகழ்பெற்ற ஆண்கள் பயிற்சியாளர் அமெரிக்கப் பெண்கள் எட்டுப்பேர் அணியை ஏற்றுக்கொண்டார். 1975-இல் நாட்டிங்ஹாமில் நடந்த உலகப் போட்டியில் அந்த அணி கிழக்கு ஜெர்மனிக்கு அடுத்து வெள்ளி வென்றது. 1976-இல் மாண்ட்ரியாலில் கிழக்கு ஜெர்மனிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் அடுத்து வெண்கலம் வென்றது. பெண்களுக்கென்று பயிற்சியை அவர் மென்மையாக்கவில்லை. ஆண்களை எப்படி நடத்தினாரோ அப்படியே நடத்தினார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய மரியாதை.

பிறகு 1981 வந்தது. யேல் வென்றது. ஒரு முறையோடு நிற்காமல், தொடர்ந்து வந்த ஆண்டுகளிலும் யேலின் கை ஓங்கியே இருந்தது. 18 ஆண்டுகள் தோற்காத ஒருவர், 45 வயதில், தம் முறை காலாவதியாகிவிட்டது என்று ஊர் பேசுவதைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்? பலர் இந்த இடத்தில் கசந்துபோவார்கள், அல்லது பழைய வெற்றியைச் சொல்லிச் சொல்லியே பதவியில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். பார்க்கரின் அணி 1983-இல் சின்சினாட்டியில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியை வென்றது. யேலிடமும் விட்டதை மீண்டும் பிடித்தது. பார்க்கர் நிலைத்தது எப்படி என்று என்னைக் கேட்டால், முதல் 18 ஆண்டுகளைவிட்டு இந்தச் சில ஆண்டுகளைத்தான் சுட்டிக்காட்டுவேன்.

அடுத்த 30 ஆண்டுகளில் அவரைச் சுற்றி எல்லாமே மாறின. மரப் படகு போய்க் கார்பன் நார்ப் படகு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் கோடரி வடிவத் துடுப்பு அலகு வந்து, அதற்கு முன்பிருந்த அலகைச் சில பருவங்களிலேயே வழக்கொழியச் செய்தது. எர்கோமீட்டர் என்ற நில இயந்திரம் ஒவ்வொருவனின் வலுவையும் வினாடிக் கணக்கில் காட்டத் தொடங்கியது. தொடக்கக்காரர்கள் குறைந்து, பள்ளியிலேயே தேர்ந்து வந்த பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இளைஞர்கள் அமெரிக்கக் கல்லூரிப் படகுகளில் உட்காரத் தொடங்கினார்கள். நெடுங்காலம் ஒதுங்கியே இருந்த ஐ.ஆர்.ஏ. என்ற கல்லூரித் துடுப்புப் படகுச் சங்கத்தின் தேசியப் போட்டிக்கு ஹார்வர்டு 2003-இல் போனது. அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் வென்றது. அப்போது பார்க்கருக்கு 67 முதல் 69 வயது. 1963-இல் வென்ற முறையைப் பிடித்துக்கொண்டு 2005-இல் வென்றிருக்க முடியாது. அவரிடம் மாறாமல் இருந்தது, எது வேகமாகப் போகிறது என்று சோதித்துப் பார்க்கும் பழக்கம் மட்டுமே.

மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நேர்மை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கோர்ட்னி 1883 முதல் 1920 வரை பணியாற்றினார். கலிஃபோர்னியாவின் கை எப்ரைட் 1928, 1932, 1948 என மூன்று ஒலிம்பிக்கில் எட்டுப்பேர் படகுத் தங்கம் வென்ற அணிகளை உருவாக்கினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆல் அல்பிரிக்சன் 1936 பெர்லின் தங்கத்துக்குரியவர். எட்டுப்பேர் படகில் ஒலிம்பிக் தங்கம் பார்க்கருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. ஒலிம்பிக் தங்கம்தான் அளவுகோல் என்றால் எப்ரைட்டே பெரியவர். ஆனால் எப்ரைட்டின் காலத்தில் ஒரு நல்ல கல்லூரிப் படகே உலகின் சிறந்த படகாக இருக்க முடிந்தது. நாடுகள் தங்கள் சிறந்த வீரர்களைத் திரட்டி ஆண்டு முழுவதும் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு கல்லூரிப் பயிற்சியாளராக இருந்தவர் பார்க்கர். அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் நான் பார்க்கரையே முன்னால் வைப்பேன்.

கேள்வியின் மறுபாதிக்கும் இப்போது விடை சொல்லலாம். ஹார்வர்டின் வளம் அவருக்கு நல்ல படகுகளையும், சார்லஸ் ஆற்றங்கரையில் நியூவெல் படகுக் கூடத்தையும், உயரமான புத்திசாலி மாணவர்களையும் கொடுத்தது. எந்த எட்டுப் பேரை எந்த இருக்கையில் உட்கார வைப்பது என்பதை அது அவருக்குச் சொல்லவில்லை. தலைமுறை மாறும்போதெல்லாம் அதைத் திரும்பக் கண்டுபிடித்தது அவர்தான்.

கடைசி ஆண்டுகளில் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் ஓர் இரத்த நோய் அவருக்கு இருந்தது. சிகிச்சை பெற்றுக்கொண்டே பயிற்சியைத் தொடர்ந்தார். சார்லஸ் ஆற்றங்கரையில் பொதுமக்களுக்குத் துடுப்பு வலிக்கக் கற்றுத்தரும் கம்யூனிட்டி ரோயிங் அமைப்பின் படகுக் கூடம் அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய பெயரைப் பெற்றிருந்தது. 2013 ஜூன் மாதம் தேம்ஸ் ஆற்றில் யேலோடு மோதிய ஹார்வர்டு அணிக்கும் அவரே தலைமைப் பயிற்சியாளர், ஹார்வர்டு வென்றது. இரண்டு வாரம் சென்று, ஜூன் 25-இல், 77 வயதில் அவர் இறந்தார். யேலுக்கு எதிரான அவருடைய கணக்கு 44 வெற்றி, 7 தோல்வி என்று முடிந்தது. அவருடைய இடத்துக்கு, நெடுங்காலம் ஹார்வர்டின் எடைகுறைந்தோர் அணியை நடத்திவந்த சார்லி பட் வந்தார்.